அந்துப்பூச்சிகளின் வருகைப் பதிவேடு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே ஒழுங்குபடுத்தித் தரப்படுகிறது.)



தலைப்பு கேட்டுச் செயலாளர் போன் செய்தார். "சார், வேலைவாய்ப்பு, தன்னம்பிக்கை, இந்த மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். "அந்துப்பூச்சி பற்றிப் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பசங்க தூங்காம பார்த்துக்கங்க சார்" என்றார். முயற்சி செய்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974-ல் இங்கே பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தேன். தவளையையும் கரப்பானையும் அறுத்துப் படித்துவிட்டு, வாழ்நாள் முழுக்க வங்கியில் லெட்ஜர் பார்த்தேன். 2014-ல் ஓய்வு. திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டி வீடு. பின்பக்கம் சின்னத் தோட்டம்: ஒரு முருங்கை, இரண்டு அரளி, நந்தியாவட்டை, வேலியில் சீந்தில் கொடி. அந்தத் தோட்டத்தில் வாரம் ஒரு ராத்திரி விளக்குப் பொறி வைத்து, வந்து சேரும் அந்துப்பூச்சிகளை எண்ணி எழுதி, விட்டுவிடுகிறேன். இதுவரை நாலு நோட்டு ஆகியிருக்கிறது. படித்த படிப்பும் பார்த்த வேலையும் எனக்கு ஒன்றுசேர்ந்தது ஓய்வுக்குப் பிறகுதான்.

இதைப் பற்றி உங்களிடம் பேச ஒரு காரணம் உண்டு. போன ஒன்றுகூடலில், காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, விடுதியில் என்னோடு இருந்த நண்பர் கேட்டார்: "ஏம்ப்பா, நாம படிக்கிறப்போ மழைக்காலத்துல விடுதி வராந்தா டியூப் லைட்டைச் சுத்தி எவ்வளவு பூச்சி! சாப்பாட்டுத் தட்டுல வந்து விழும். இப்ப ஒண்ணையும் காணோமே. நிஜமாவே குறைஞ்சு போச்சா, இல்ல நமக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சா?"

நல்ல கேள்வி. அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் மட்டுமல்ல, நம் ஊரில் யாராலும் சொல்ல முடியாது. ஏன் முடியாது, முடியவேண்டுமென்றால் என்ன செய்யவேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்து என்றால் யார்?

அந்து என்றதும் அரிசி டப்பாவில் பறக்கும் சாம்பல் நிறப் பூச்சிதான் ஞாபகம் வரும். அது இந்தக் குலத்தில் ஒரு ஏழைச் சொந்தக்காரர், அவ்வளவுதான். வண்ணத்துப்பூச்சி இந்தியாவில் சுமார் 1,300 வகை. அந்துப்பூச்சியோ 10,000 வகைக்கும் மேல். பகலில் பறக்கும் ஒன்றைப் பாட்டில் வைத்துப் பாடினோம். ராத்திரியில் பறக்கும் பத்தை விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளினோம்.

முன்வரிசையில் பட்டுப்புடவையில் வந்திருக்கும் சகோதரிகள் கவனிக்கவும். அந்தப் பட்டு, பாம்பிக்ஸ் மோரி என்ற அந்துவின் புழு தனக்காகக் கட்டிய கூடு. முருங்கை மரத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, பட்டால் உடம்பெல்லாம் தடிக்கவைக்கும் கம்பளிப்பூச்சி இருக்கிறதே, அதுவும் வளர்ந்தால் ஒரு பெரிய மஞ்சள்பழுப்பு அந்துதான். பப்பாளிப் பூவுக்கு அந்தி நேரத்தில் வந்து மகரந்தம் சுமப்பவர்களிலும் அந்துகள் உண்டு. குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழு. அந்தப் புழுக்களில் பெரும்பங்கு அந்துவின் பிள்ளைகள். அதனால் அந்து குறைந்தால் அந்துவோடு முடிகிற விஷயம் அல்ல அது.

பொறி வைக்கும் விதம்

விளக்குப் பொறி என்றால் பயப்படவேண்டாம். ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. அதன் வாயில் ஒரு அகலமான புனல். புனலுக்கு மேலே விளக்கு. விளக்கைச் சுற்றித் தகடு மூன்று, செங்குத்தாக. பறந்து வரும் அந்து தகட்டில் மோதி, புனலில் சறுக்கி, வாளிக்குள் விழும். உள்ளே கோழிமுட்டை அடுக்கி வரும் அட்டைகளைப் போட்டு வைப்பேன். மளிகைக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். அந்துகள் அந்த அட்டைக் குழிகளுக்குள் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். மேலே மழைக்கு ஒரு மூடி. இவ்வளவுதான் சாதனம்.

விளக்குக்குப் புற ஊதா கலந்த ஒளி வேண்டும். 'பிளாக் லைட்' என்று விற்கும் கருநீல டியூப் போதும். ஒரு எச்சரிக்கை: கிருமி கொல்ல மருத்துவமனையிலும் தண்ணீர் சுத்திகரிப்பிலும் பயன்படும் புற ஊதா டியூபை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். வெளியே வயர் இழுப்பதையும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மழையும் மின்சாரமும் சேர்ந்து விளையாடக் கூடாது. இந்தச் செலவும் வேண்டாம் என்றால் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, பக்கத்தில் ஒரு பல்பு போட்டால் போதும். கட்சி வேட்டியாக இருந்தாலும் அந்து பாகுபாடு பார்க்காது. ஆனால் வேட்டி என்றால் நீங்கள் கூடவே விழித்திருக்கவேண்டும். வாளி என்றால் தூங்கலாம்.

விடிவதற்கு முன் எழவேண்டும். இது முக்கியம். எங்கள் தோட்டத்தில் ஒரு கரிச்சான் குருவி, இரட்டைவால் குருவி என்பார்களே, அது பொறி வைத்த மறுநாள் காலை ஐந்தரைக்கே கம்பியில் ஆஜர். மைனா இரண்டு. ஓணான் ஒன்று. நான் தாமதித்தால் பதிவேட்டைக் குருவி சாப்பிட்டுவிடும். வாளியை நிழலுக்கு நகர்த்தி, ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பார்த்து, எண்ணி, தெரியாததைப் போட்டோ எடுத்து, பிறகு அடர்ந்த செடிகளுக்குள் பத்திரமாக விட்டுவிடுவேன். கொல்வதில்லை. விட்டவையே மறுநாள் திரும்பி வந்து கணக்கை ஏமாற்றக்கூடாது என்பதால் அடுத்தடுத்த நாள் பொறி வைப்பதும் இல்லை.

அந்துவோடு வேறு விருந்தாளிகளும் வருவார்கள். வண்டு, தத்துப்பூச்சி, ஈசல். அதில் செம்மஞ்சளும் கறுப்புமாக, எறும்பு மாதிரி ஒல்லியாக ஒரு வண்டு வரும், பீடரஸ் என்று பெயர். அது தோலில் உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீர்கள். நசுக்கினால் அதன் உடம்பில் உள்ள விஷம் பட்டு மறுநாள் தீக்காயம் மாதிரி கொப்பளிக்கும்.

விவசாயத் துறையினர் வயலில் வைக்கும் விளக்குப் பொறி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் இருக்கும். அது பூச்சியைக் குறைக்க. நான் சொல்வது பூச்சியை எண்ண. சாதனம் ஒன்று, நோக்கம் வேறு.

எழுதும் விதம்

இனி நோட்டுக்கு வருவோம். பொறியை யாரும் வைத்துவிடலாம், விஷயம் இருப்பது நோட்டில்தான்.

தேதி. விளக்கு போட்ட நேரம், அணைத்த நேரம். மழையா, தூறலா, வறட்சியா. காற்று எப்படி. ஆடிக் காற்று அடிக்கும் இரவில் வாளி காலியாகக் கிடக்கும், அது பூச்சி இல்லாததால் அல்ல. அப்புறம் திதி. சிரிக்காதீர்கள். தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே அமாவாசை, பௌர்ணமி தெரிந்துவிடுகிறதே, அதை எழுதிக்கொள்வது ரொம்ப அவசியம். பௌர்ணமி வெளிச்சத்தில் என் டியூப் லைட் எடுபடாது, வரவு குறையும். அமாவாசையை ஒட்டி அதிகம். பௌர்ணமிக் கணக்கையும் அமாவாசைக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, "அந்து பாதியாகக் குறைந்துவிட்டது" என்று சொன்னால் அது விஞ்ஞானம் அல்ல, வதந்தி.

பிறகு பெயரும் எண்ணிக்கையும். இதில் எனக்கு வங்கி கற்றுக்கொடுத்த விதிகள் மூன்று.

முதல் விதி: தெரியாததைத் தெரியாது என்றே எழுது. கணக்கில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று வைத்திருப்போம். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகை, தெரியும் வரை அங்கே இருக்கும். அதே மாதிரி இனம் தெரியாவிட்டால் பேரினம், அதுவும் இல்லையென்றால் குடும்பம், அதுவும் இல்லையென்றால் "சிறியது, பழுப்பு, தெரியவில்லை, போட்டோ உண்டு". அந்துகளில் சில இனங்களை உடலை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அங்கே போட்டோவைப் பார்த்து அடித்துச் சொல்வது, பார்ட்டியின் கையெழுத்தைப் பார்க்காமல் செக்கை பாஸ் செய்வது மாதிரி.

இரண்டாவது விதி: முறையை மாற்றாதே. அதே விளக்கு, அதே இடம், அதே கிழமை. "இன்னிக்கு நிறைய வரும் போலிருக்கே" என்று ஆசைப்பட்டுக் கூடுதலாக ஒரு இரவு, "இன்னிக்கு ஒண்ணும் வராது" என்று சோம்பல்பட்டு ஒரு இரவு விடுமுறை என்றால் கணக்கு என் ஆசையின் கணக்காகிவிடும், அந்துவின் கணக்காக இராது.

மூன்றாவது விதி: ஒன்றும் வராவிட்டாலும் எழுது. அலுவலகம் பார்த்த எல்லோருக்கும் 'நில் ரிட்டர்ன்' தெரியும். "இந்த மாதம் விவரம் ஏதும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியே ஆகவேண்டும். வெட்டி வேலை என்று அலுத்துக்கொண்டே அனுப்புவோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அனுப்பாத ரிட்டர்ன் வேறு, நில் ரிட்டர்ன் வேறு. முதலாவது 'யாரும் பார்க்கவில்லை'. இரண்டாவது 'பார்த்தார்கள், இல்லை'. காலி வாளி என்பது ஒரு செய்தி. எழுதாத பக்கம் என்பது செய்தியே இல்லை.

மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், வகுப்பில் பெயர் கூப்பிட்டு, பதில் வராதபோது போடுகிறார்களே 'ஏ', அந்த எழுத்துக்கு மதிப்பு எப்படி வந்தது? தினமும் தவறாமல் பெயர் கூப்பிட்டதால்தான். பதிவேடே எடுக்காத வகுப்பில் யாரையும் ஆப்சென்ட் என்று சொல்ல முடியாது.

வருகிறவர்கள்

சரி, யார்தான் வருகிறார்கள்?

அரளியும் நந்தியாவட்டையும் இருப்பதால் டாஃப்னிஸ் நெரி வரும். பாசிப்பச்சையில் இளஞ்சிவப்பு கலந்து மெழுகியது போன்ற இறக்கை, ஜெட் விமானம் போன்ற உடல்வாகு. எள் வயலில் வாலில் கொம்போடு திரியும் தடித்த புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது வளர்ந்தால் அகெரான்ஷியா. முதுகில் மண்டையோடு வரைந்தது போன்ற அடையாளம். கையில் எடுத்தால் எலிக்குஞ்சு மாதிரி கீச்சிடும். தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடும் துணிச்சல்காரர் இவர்தான்.

வேலியில் சீந்தில் இருக்கிறது என்றேன் அல்லவா? அதன் இலையைத் தின்று வளரும் யூடோசிமா என்ற அந்துவின் பின் இறக்கை ஆரஞ்சு நிறத்தில் பளீரென்று இருக்கும். புழுவாக இருக்கும்வரை சாது. அந்து ஆனதும் உறிஞ்சுகுழலாலேயே மாதுளை, கொய்யா, ஆரஞ்சுப் பழங்களில் துளை போட்டுச் சாறு குடிக்கும். சணப்பை, கிலுகிலுப்பைச் செடிகளில் வளரும் யுடெத்தீசா வெள்ளைப் புடவையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்தது போல இருக்கும்.

வயல் பக்கம் என்பதால் விவசாயியின் விரோதிகளும் வருவார்கள். இறக்கைக்கு ஒரு கறுப்புப் பொட்டு வைத்த மஞ்சள் அந்து, நெல் தண்டுத் துளைப்பானின் தாய். சாம்பல்பழுப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டது, நம் விவசாயிகள் 'புரோடீனியா' என்றே கூப்பிடும் ஸ்போடாப்டீரா லிட்டுரா. மானாவாரி நிலக்கடலைக்காரர்களுக்குச் சிவப்புக் கம்பளிப்பூச்சி தெரியும். அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் மாதக்கணக்கில் காத்திருந்து, நல்ல மழை ஒன்று விழுந்ததும் அந்துகள் ஒரே நேரத்தில் கிளம்பும். வயலில் தீமூட்டம் போட்டு அவற்றைக் கவர்ந்து அழித்த பழக்கம் பழையது. அதுவும் ஒரு விளக்குப் பொறிதான்.

மக்காச்சோளத்தை அழிக்கும் அமெரிக்கப் படைப்புழு நினைவிருக்கும். ஸ்போடாப்டீரா ஃப்ரூஜிபெர்டா. இந்தியாவில் முதன்முதலில் 2018-ல் கர்நாடகத்தில் கண்டார்கள். அந்த ஆண்டே பெரம்பலூர், அரியலூர்ச் சோளக்கொல்லைக்காரர்களும் பாடுபட்டார்கள். வெளியூர்க்காரன் தெருவில் நுழைந்தால் அவனைப் புது ஆள் என்று யார் சொல்லமுடியும்? அந்தத் தெருவில் இருப்பவர்கள் எல்லோரையும் தெரிந்தவர்தான் சொல்லமுடியும். ஊர்ப் பூச்சிகளின் பட்டியல் கையில் இருப்பவருக்கே புதுப் பூச்சி கண்ணில் படும்.

பதிவேடு வைத்தவர்கள்

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்த ஒரு நாடு உண்டு.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில், 1843-ல் தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சி.பி.வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் 1933-ல் ஒரு விளக்குப் பொறி வைத்தார். நாலு வருஷம், 1936 வரை, ராத்திரி வந்த பெரிய அந்துகளை எண்ணினார். மொத்தம் 15,609 அந்துகள், 240 இனங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் 35 இனங்கள் நாலு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் வந்தன. ஒரு சிலர் ஆயிரக்கணக்கில், பலர் ஒற்றை ஆளாக. இது ஏன் இப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, புள்ளியியல் மேதை ஆர்.ஏ.ஃபிஷர், கார்பெட், வில்லியம்ஸ் மூவரும் 1943-ல் வெளியிட்ட கட்டுரை, ஓரிடத்தின் உயிரின வளத்தை எண்ணால் அளக்கும் முறைக்கே அடிப்படைகளில் ஒன்றாயிற்று. புள்ளியியல் துறை மாணவர்களே, அந்தக் கணக்கு பிறந்தது பூச்சி விழுந்த ஒரு பொறியில்!

1968 முதல் அந்நாடு முழுவதும் அதே மாதிரிப் பொறிகள் வைத்துத் தொடர்ந்து எண்ணுகிறார்கள். பல இடங்களில் எண்ணி உதவுபவர்கள் தன்னார்வலர்கள். பொறியின் அமைப்பையும், 200 வாட் டங்ஸ்டன் பல்பையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். எத்தனையோ நவீன விளக்கு வந்தும் பழைய பல்பை விடாததற்குக் காரணம், நான் சொன்ன இரண்டாவது விதி. இதைத் தவிர, வீட்டுத் தோட்டத்தில் வாரம் ஒரு இரவு எண்ணும் சாதாரண மக்களின் திட்டம் ஒன்று 2003 முதல் நடக்கிறது. ஆசிரியர், தபால்காரர், என்னைப் போல ஓய்வு பெற்றவர் யாரும் சேரலாம்.

அந்த எண்களை வைத்து 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 1968-லிருந்து ஐம்பது ஆண்டுகளில் பிரிட்டனின் பெரிய அந்துகள் எண்ணிக்கையில் 33 சதவீதம் குறைந்துவிட்டன. தெற்கே 39 சதவீதம், வடக்கே 22 சதவீதம். "குறைஞ்ச மாதிரி தெரியுதே" என்ற பேச்சு அங்கே இல்லை. எங்கே, எவ்வளவு என்று சொல்ல முடிகிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்தவர். வந்த இடத்தில் அந்துகளைச் சேகரித்தார். 1891-ல் நீலகிரி அந்துகள் பற்றி ஒரு நூல், பிறகு 1892 முதல் 1896 வரை அன்றைய இந்தியா முழுமைக்கும் நாலு தொகுதிகள். இன்றும் அந்து படிப்பவர்கள் அதைத் தொடாமல் இருக்க முடியாது. பெயின்பிரிட்ஜ் ஃப்ளெட்சர் 1914-ல் சென்னை அரசு அச்சகம் வழியாகத் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். 1940-ல் டி.வி.ராமகிருஷ்ண அய்யர் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளுக்குக் கையேடு எழுதினார்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இவையெல்லாம் நமக்குச் சேர்க்கைப் பதிவேடு. இன்ன இன்ன பெயருடையவர் இந்தக் கல்லூரியில் சேர்ந்தார் என்று சொல்லும். எந்த நாள் எத்தனை பேர் வந்தார்கள், யார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள் என்பதைச் சேர்க்கைப் பதிவேடு சொல்லாது. அதற்கு வருகைப் பதிவேடு வேண்டும். 1974-ல் நம் விடுதி வராந்தாவில் என்ன வந்தது என்பதற்கு வருகைப் பதிவேடு இல்லை. அதனால்தான் நண்பருக்கு நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை

அந்து ஏன் விளக்குக்கு வருகிறது? தீயைக் காதலித்து விழுகிறது என்று கவிஞர்கள் சொன்னார்கள். 2024 ஜனவரியில் வெளியான ஓர் ஆராய்ச்சி வேறு விளக்கம் தந்தது. அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். பறக்கும் பூச்சி எது மேல், எது கீழ் என்று அறிய, வெளிச்சம் வரும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக ராத்திரியில் வெளிச்சமான பக்கம் என்றால் வானம்தான். இப்போது பக்கத்தில் பல்பு இருந்தால் அதற்கு முதுகைக் காட்டப் போய், சாய்ந்து, சுற்றிச் சுற்றியே வருகிறது. காதலும் இல்லை, ஒன்றும் இல்லை. பாவம், வழி தெரியாத தடுமாற்றம்.

அப்படியென்றால் ஊரெல்லாம் விளக்கு போட்டால் என்ன ஆகும்? தெற்கு இங்கிலாந்தில் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், தெருவிளக்கின் கீழ் உள்ள வேலிச்செடிகளில் அந்துப்புழுக்கள் 47 சதவீதம் குறைவாக இருந்தன. வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் பாதிப்பு பழைய மஞ்சள் சோடியம் விளக்கைவிட அதிகம். எங்கள் தெருவில் மஞ்சள் விளக்கு போய் எல்.இ.டி. வந்த தேதியை நோட்டில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு என் வாளியில் வரவு குறைந்தால் பூச்சியே குறைந்ததா, அல்லது என் டியூபுக்கு ஒரு போட்டி விளக்கு வந்ததால் பிரிந்து போகிறதா? ஒற்றைத் தோட்டத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. பல இடங்களில் பல பேர் எண்ணினால்தான் விடை கிடைக்கும். அதோடு எல்லா அந்தும் விளக்குக்கு வருவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. பொறி சொல்வது முழு ஊரின் ஜனத்தொகை அல்ல. ஒரே வாசலில் ஒரே மாதிரி நின்று எண்ணிய கணக்கு. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட அது போதும்.

என் வேண்டுகோள்

இப்போது கேட்கவந்ததைக் கேட்டுவிடுகிறேன். எனக்கு எழுபது தாண்டியாயிற்று. விடியற்காலை எழுவது இன்னும் சிரமமாக இல்லை. சிறிய அந்துவின் இறக்கைக் கோட்டைப் பார்க்கத்தான் கண்ணாடிக்கு மேல் லென்ஸ் தேவைப்படுகிறது. பிள்ளைகள் வெளியூரில். பேங்க் லாக்கருக்கு வாரிசு எழுதிவிட்டேன், நோட்டுக்கு வாரிசு எழுத முடியவில்லை. பத்து வருஷக் கணக்கு என்பது பெரிய விஷயம் இல்லை. அது முப்பது வருஷம் ஆனால்தான் பேசும். அந்த முப்பதை ஒரு தனி மனிதனால் எட்ட முடியாது. ஒரு கல்லூரியால் முடியும். மாணவர்கள் மூன்று வருஷத்தில் போய்விடுவார்கள், கல்லூரி போகாது.

அதனால் சங்கத்தின் முன் வைக்கிறேன். நம் கல்லூரி வளாகத்தில் நிரந்தரமாக ஒரு விளக்குப் பொறி. தெருவிளக்கு எட்டாத ஒரு மூலை, தோட்டத்துப் பக்கமாக. வாரம் ஒரே கிழமை, ஒரே விளக்கு. விலங்கியல், தாவரவியல் மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு காலையில் எண்ணட்டும். புள்ளியியல் மாணவர்கள் கணக்குப் பார்க்கட்டும். தமிழ்த்துறைக்கும் வேலை உண்டு: பத்தாயிரம் அந்துகளில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழில் பெயரே இல்லை, நல்ல பெயர் வையுங்கள். செலவு ஒரு டியூப் செட், ஒரு வாளி, ஒரு புனல், சில நோட்டு. எங்கள் 1974 அணி அதை ஏற்கும். தோழர்களே, நான் பாட்டுக்கு அறிவித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாணவர்களே, உங்கள் கையில் இருக்கும் செல்போனில் எங்களுக்கு இல்லாத வசதி இருக்கிறது. போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இடத்தில் போட்டால் உலகின் எந்த மூலையில் இருந்தும் ஒருவர் பெயர் சொல்கிறார். ஜூலை கடைசி வாரத்தில் 2012 முதல் நடக்கும் தேசிய அந்து வாரத்தில் இந்தியர்கள் பலரும் கலந்துகொள்கிறார்கள். எல்லாம் நல்லது. ஆனால் ஓர் அழகான போட்டோ என்பது சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி. வருகைப் பதிவேட்டுக்கு வேண்டியது, மழை பெய்தாலும் தேர்வு வந்தாலும் ஒன்றுமே வராவிட்டாலும் எழுதும் பழக்கம். செல்போனில் எழுதினாலும் சரி, ஆனால் ஒரு நோட்டிலும் எழுதுங்கள். அதை நூலகத்தில் எண் போட்டு வையுங்கள்.

மிச்சமுள்ள பக்கங்கள் முடிந்ததும் என் நாலு நோட்டையும் நம் நூலகத்துக்கே தந்துவிடுகிறேன். முதல்வர் அவர்கள் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். பொன்விழா, வைரவிழா என்று ஒரு நாள் இதே அரங்கில் உங்கள் அணி கூடும்போது, உங்களில் ஒருவர் காபி டம்ளரோடு வந்து, "ஏம்ப்பா, பூச்சி குறைஞ்சு போச்சா?" என்று கேட்பார். அன்றைக்கு நீங்கள் நூலகத்தைக் கைகாட்டவேண்டும். குறைந்தது, கூடியது, அப்படியே இருக்கிறது, எந்தப் பதிலாக இருந்தாலும் சரி, எண்ணிச் சொன்ன பதிலாக இருக்கட்டும்.